காட்டுப் பேரேடு யாருக்கு உரியது?

தோட்டத்திலும் நகரத்திலும் உழைத்துண்ணும் நம்மவர்க்குக் கணக்கின் வலிமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெரட்டில் பெயர் விழாவிடின் அன்றைய கூலி இல்லை. நிறுத்த பாலின் எடை குறைத்தெழுதப்படின் அக்குறை மாதக் கடைசியில் அடுப்பங்கரையில் வந்து நிற்கும். கணக்கை எழுதுகிறவன் யார், அதனைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் இவ்விரு வினாக்களுள் நம் மக்களின் நூறாண்டு வரலாற்றிற் பெரும்பகுதி அடங்கிவிடும். ஈண்டு நாம் ஆராயப் புகுவதும் ஒரு கணக்கின் வரலாறே. ஆனால், இது கூலிக் கணக்கன்று, காட்டின் கணக்கு. ஆயினும் அதே இரு வினாக்கள் இதிலும் எழுகின்றன என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

செலாயாங்கில் வாழும் நமக்கு அண்டையிலேயே, கெப்போங்கில், மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மர நிழலில் உலாவி வருவோர் நம்மவருள்ளும் பலர். அம்மரங்கள் தாமே முளைத்த பழங்காடு என்றே அவர்கள் எண்ணுவர். உண்மை அதுவன்று. 1920-களில் அந்நிலம் ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறித் தோட்டங்களுமாகக் கிடந்தது. பாக்ஸ்வொர்தி என்னும் வனநூலறிஞர் அவ்விடத்தைத் தெரிந்தெடுக்க, 1929ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. மரங்களை ஒவ்வொன்றாக நட்டு, ஒவ்வொன்றின் வளர்ச்சியையும் ஏட்டிற் குறித்து வந்தனர். பாழ்நிலம் காடாயிற்று. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவ்வனப் பூங்காவை உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நட்டவர் கையும் குறித்தவர் கையும் சேர்ந்து செய்த வேலை அது.

காட்டிற்குக் கணக்கு எற்றுக்கு என்று கேட்போர் உண்டு. காட்டின் வாழ்நாள் மனிதனுடைய வாழ்நாளினும் நெடிது என்பதே அதற்கு விடை. நமது நாட்டு மழைக்காட்டில் மெராந்தி முதலிய பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் வாளாவிருந்து, பின்னர் ஒரு பருவத்தில் பல இனங்களும் ஒருங்கே பூத்துக் காய்த்துக் கொட்டும். மூன்றாண்டு ஆராய்ச்சிப் பட்டத்திற்காகக் காட்டிற்குள் புகும் மாணவன் அப்பூப்பைக் காணாமலே திரும்பிவிடக்கூடும். ஆதலின், ஒருவர் தொடங்கிய கணக்கை மற்றொருவர் ஏற்று, அவர்க்குப் பின் வருவோரும் விடாது எழுத வேண்டும்.

இம்முறைக்கு வழிகாட்டியது இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் ஊரிலுள்ள கோதுமை வயல். 1843ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய சோதனை இன்றும் நடைபெற்று வருகின்றது. காட்டைப் பொறுத்தவரை, நம் நாட்டு முயற்சி நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ காட்டில் உருக்கொண்டது. அனைத்துலக உயிரியல் திட்டத்தின் கீழ் 1970 முதல் 1974 வரையில் மலேசியரும் ஜப்பானியரும் பிரிட்டானியரும் அக்காட்டில் கூடி உழைத்தனர். ஓர் ஏக்கர்க் காடு எவ்வளவு இலை உதிர்க்கும், எவ்வளவு மரம் வளர்க்கும் என்றெல்லாம் அளந்தனர். திட்டம் முடிந்ததும் பிறநாட்டார் தத்தம் ஊர் திரும்பினர். காடு நின்றது, கணக்கின் பெரும்பகுதி நின்றுபோயிற்று.

நிலையான பேரேடு பின்னரே தொடங்கியது. அமெரிக்க அறிஞராகிய ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் பாஸ்டரும் 1980ஆம் ஆண்டில், பனாமாக் கால்வாய்க்காக ஆற்றில் அணை கட்டி உண்டாக்கப்பட்ட ஏரியின் நடுவேயுள்ள பாரோ கொலராடோ என்னுந் தீவில் ஒரு புதுமுறையைக் கையாளத் தலைப்பட்டனர். நீளம் 1,000 மீட்டர், அகலம் 500 மீட்டர், அஃதாவது 50 ஹெக்டர் காட்டை அளந்து வகுத்தனர். அதனுள் மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமனேனும் உள்ள செடிமரம் ஒவ்வொன்றுக்கும் எண் தகடு கட்டி, இடம் குறித்து, இனம் அறிந்து, பருமன் அளந்தனர். அதே அளவு, அதே முறை, பாசோவில் 1985ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்டது. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகமும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பீட்டர் ஆஷ்டன் முதலிய அறிஞரும், ஸ்மித்சோனியன் நிலையமும் இதிற் கைகோத்தனர்.

அக்கணக்கின் பரப்பைச் சிறிது எண்ணிப் பாருங்கள். சுமார் 124 ஏக்கர் நிலம். நமது தோட்டத்தில் அத்துணை நிலத்தில் ஒரே மரந்தான் நிரை நிரையாக நிற்கும். பாசோவிலோ 3 இலட்சத்து 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள். இனங்களோ 800க்கு மேல்! ஓர் இலையை மடக்கிப் பார்த்தும், பட்டையைக் கீறி முகர்ந்தும் இன்ன மரம் என்று சொல்ல வல்லார் இன்றேல் இவ்வேலை ஓர் அடியும் நகராது. கே. எம். கோச்சும்மன், என். மனோகரன் என்னும் கெப்போங் ஆராய்ச்சியாளர் இருவரின் பெயர்கள் ஜேம்ஸ் லாபிராங்கியின் பெயருடன் சேர்ந்து 1990ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் கணக்கின் முகப்பில் நிற்கின்றன. அவர்கட்குப் பின்னே, அட்டைக்கடியும் மழையும் பொறுத்துத் தகடு கட்டிய தொழிலாளர் எத்துணையோ பேர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அக்கணக்கு மீண்டும் எடுக்கப்பட்டு வருகின்றது.

ஓரிடத்துக் கணக்கு ஓரிடத்துச் செய்தியையே சொல்லும். பல இடத்துக் கணக்குகள் ஒரே அளவுகோலால் எழுதப்பட்டு அருகருகே வைக்கப்படும்பொழுதுதான் உலகச் செய்தி தெரியும். தாய்த்தமிழகத்தில் முதுமலைக் காட்டிலும் 1988ஆம் ஆண்டில், பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்து இராமன் சுகுமாரும் அவர்தம் குழுவினரும் இதே 50 ஹெக்டரை அளந்தனர். அங்கு மழை குறைவு, தீ அடிக்கடி பரவும், யானைகள் நடமாடும். ஆகவே மரங்கள் சுமார் 25 ஆயிரம், இனங்கள் சுமார் 70 மட்டுமே. கிடியா என்னும் சிறுமரம் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் நின்று, யானைகளுக்கு இரையாகிச் சில ஆண்டுகளிலேயே பெரிதும் அருகிப்போனதை அப்பேரேடு காட்டிற்று. இலங்கைச் சிங்கராஜக் காட்டில் 25 ஹெக்டர் இவ்வாறே அளக்கப்பட்டது. இன்று இக்கணக்கு வலையில் 70க்கு மேற்பட்ட காடுகள் சேர்ந்துள்ளன. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டில் தொடங்கிய நெடுங்கால உயிர்ச்சூழல் ஆராய்ச்சி அமைப்பும், அதன் வழியே 1993ஆம் ஆண்டில் எழுந்த அனைத்துலக அமைப்பும் வயல், ஏரி, புல்வெளி முதலியவற்றிற்கும் இவ்வகைக் கணக்கை விரித்தன.

இவ்வாறு கணக்கைக் கூட்டிப் பார்த்ததால் விளைந்த பயன் என்னை? இரண்டு சான்றுகள் கூறுவோம்.

முதலாவது, 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. அதை எழுதியவருள் மூவர் பிறநாட்டார். நூர் சுப்பார்டி, அப்துல் ரஹ்மான் காசிம் ஆகிய இருவர் நம் நாட்டார். பனாமா, பாசோ ஆகிய இரண்டிடத்துப் பேரேடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபொழுது, இரண்டிலும் மரங்களின் வளர்ச்சி வேகம் காலப்போக்கில் தளர்ந்து வந்தமை தெரிந்தது. இரவின் வெப்பம் ஏறிய காலங்களில் அத்தளர்ச்சி காணப்பட்டது. பாசோவில் மட்டும் இது கண்டிருந்தால், அவ்விடத்து மண்ணின் குற்றம் என்று தள்ளிவிடலாம். பெருங்கடலுக்கு அப்பாலுள்ள தீவிலும் அதே நிலை என்றால், அக்காரணம் ஊர்க் காரணமாக இருத்தல் அரிது. இதனைத் தனியொரு நாட்டின் பேரேடு ஒருபோதும் சொல்லியிராது.

இரண்டாவது சான்று தோட்டத்து மக்களாகிய நம்மை நேரே தொடுவது. பாசோ காட்டைப் பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்துள்ளன. செம்பனைக் குலையிலிருந்து உதிரும் பழம் காட்டுப்பன்றிக்கு நல்லுணவு. தின்று பெருகிய பன்றிகள் ஈனுங்காலத்தில் காட்டின் உள்ளே சென்று, இளமரக் கன்றுகளை ஒடித்துக் குவித்துக் கூடு அமைக்கும். 2017ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, 24 ஆண்டுகளில் அக்காட்டின் இளங்கன்றுகள் 62 விழுக்காடு குறைந்தன என்று கணக்கிட்டது. அவ்விடம் தோட்டத்து எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால்! காட்டில் ஒரு மரத்தையும் எவரும் வெட்டவில்லை, சட்டம் மீறப்படவில்லை, ஆயினும் காட்டின் அடுத்த தலைமுறை தேய்ந்துவிட்டது. ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகின்றவனுக்குக் காடு பசுமையாகவே தோன்றும். நெடுங்காலக் கணக்கு ஒன்றே இத்தேய்வைக் காட்ட வல்லது.

இத்துணைப் பயனுடைய பேரேட்டை உலகத்தார் யாவர்க்கும் திறந்து வைத்துவிடுவதுதானே முறை என்று கேட்கலாம். பனாமாத் தீவின் கணக்கு அவ்வாறே திறந்து வைக்கப்பட்டுள்ளது. வேண்டுவோர் எவரும் எடுத்தாளலாம். பாசோ முதலிய பல காடுகளின் கணக்கையோ அதனைப் பேணுவோரின் இசைவு பெற்றே ஆள வேண்டும். சிலர் இதைக் குறுகிய நோக்கம் என்று பழிப்பர். அவர்கள் வரலாற்றைச் சிறிது நோக்குவாராக.

நாம் இந்நாட்டிற்கு வந்ததே ஒரு விதையின் கதையால் அன்றோ? 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றார். முளைத்த கன்றுகளிற் பெரும்பாலன இலங்கைக்குச் சென்றன. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி என்பார் மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்குள் பிரேசிலின் ரப்பர் வாணிகம் சரிந்தது. மலாயாத் தோட்டங்கள் கொழித்தன. விதை தந்த நாட்டிற்குப் பங்கில்லை; பால் வெட்டிய தமிழனுக்கும் இலாபத்திற் பங்கில்லை. அறிவும் விதையும் தங்குதடையின்றிப் பரவின என்பது மெய்யே. ஆனால், அவற்றின் பயன் ஒருபக்கமாகவே ஓடிற்று. வெப்பநாட்டார் தம் காட்டையும் காட்டுக் கணக்கையும் கேட்போரிடத்து ஐயங்கொள்வதற்கு இத்தகைய வரலாறே வேர்.

அவ்வையத்தின் விளைவாகவே 1992ஆம் ஆண்டு உயிர்ப்பன்மை உடன்படிக்கையும், 2010ஆம் ஆண்டு நகோயா உடன்படிக்கையும் தோன்றின. இந்தியா 2002ஆம் ஆண்டிலும் மலேசியா 2017ஆம் ஆண்டிலும் உயிர்வளத்தின் பயனைப் பகிர்ந்துகொள்வதற்குச் சட்டம் இயற்றின. கணக்கைப் பற்றியும் இக்குரல் எழுந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் வெப்பமண்டலக் காடுகளை அளப்போர் பலர் கூடி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். செல்வ நாட்டார் எந்திரத்தின் முன் அமர்ந்து எடுத்தாளும் கணக்கு, ஏழை நாட்டார் சேற்றில் நடந்து, குறைந்த ஊதியத்தில், நிலையில்லாத வேலையில் எடுத்தது. களப்பணிக்குப் பொருளும் அளந்தோர்க்குப் பெருமையும் கிடையாமல் திறப்பை மட்டும் கேட்பது நேர்மையன்று என்பது அவர்தம் வாதம்.

நமது கருத்து இதுவே: பேரேடு திறக்கப்படல் வேண்டும். பூட்டிய கணக்கு பொய்யாயினும் அறிவார் இலர். மெய்யாயினும் அதனாற் பயன் கொள்வார் இலர். காற்றுக்கும் மழைக்கும் வெப்பத்திற்கும் நாட்டெல்லை இல்லையாதலின், அவற்றின் கணக்கிற்கு வேலி கட்டுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. ஆனால் திறப்பதற்கு மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். அளந்தவர் பெயர், தகடு கட்டியவர் வரையில், கணக்கோடு ஒட்டிச் செல்ல வேண்டும். கணக்கை எடுத்தாள்வோர் அது பிறந்த நாட்டாரையும் ஆராய்ச்சியிற் பங்காளிகளாகக் கொள்ள வேண்டும். அடுத்த கணக்கெடுப்புக்கான செலவில் அவர்களும் தோள்கொடுக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத திறப்பு, பழைய விதைக் கதையின் மறுபதிப்பாகவே முடியும்.

பிறரைக் குறித்து இவ்வளவு சொன்ன நாம் நம்மையும் குறித்து ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். தோட்ட அலுவலகங்களில் மழைமானி பார்த்து நாடோறும் குறிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. காலையில் அளவெடுத்து ஏட்டில் ஏற்றியவர் பலர் நம்மைப் போன்ற கிராணிமாரே. தோட்டம் கைம்மாறி வீடமைப்புப் பகுதியாகும்பொழுது, அவ்வேடுகள் பழைய காகிதத்தோடு காகிதமாகப் போய்விடுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வாறு மறைந்த தோட்டங்கள் கொஞ்சமல்ல. எஞ்சியுள்ள மழை ஏடுகளைத் தேடியெடுத்து, படியெடுத்து, பல்கலைக்கழகத்திடமோ வன ஆராய்ச்சிக் கழகத்திடமோ ஒப்படைப்பது பெரும்பொருள் வேண்டாத தொண்டு. நம் சங்கங்கள் விழாவிற்குச் செலவிடும் காலத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டாற் போதும். ஏட்டின் முதற் பக்கத்தில், மழையை அளந்து எழுதியவர்களின் பெயர்களையும் தவறாது எழுதி வைப்போமாக.