கொக்கிக் கம்பி

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் மாந்தோப்பில், மரத்தைத் துளைக்கும் தண்டுத் துளைப்பான் வண்டின் புழுவுக்கு எதிராகத் தாத்தா காலத்து ஆயுதம் சைக்கிள் ஆரக்கம்பிதான். நுனியைக் கொக்கியாக வளைத்து, மரத்தூள் கொட்டும் துளைக்குள் விட்டுத் துழாவுவார். விரல் தடிமனில் வெள்ளைப் புழு மாட்டிக்கொண்டு வரும், கோழிகள் ஓடிவரும். பிறகு மண்ணெண்ணெய்ப் பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் பூசிவிடுவார்.

அப்பா காலத்தில் பி.எச்.சி. பூச்சிக்கொல்லிப் பவுடர். அந்த நெடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. 1997இல் அதற்குத் தடை வந்தது, நல்லதுதான். அடிமரத்தில் மூன்றடி உயரத்துக்குத் தாரும் மண்ணெண்ணெயும் கலந்து பூசினால் தாய்வண்டு முட்டையிடாது என்றார்கள், பூசினோம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் கொக்கியால் புழுவை எடுப்பதும் உண்டு. நீலம் ரக மா இந்த வண்டை ஓரளவு தாங்கும் என்பதும் அதில் இருக்கிறது. மண்டிக்காரர்களோ அல்போன்சாவைத்தான் கேட்கிறார்கள்.