காதிரைச்சல்

காதிரைச்சல் (கர்ணநாதம்): புறத்தே யாதொரு சப்தமும் எழாதிருக்கையில், காதிலோ தலைக்குள்ளோ ரீங்காரம், சீழ்க்கை முதலிய ஒலிகள் கேட்பதாகத் தோன்றும் உபாதை. இது தனி வியாதியன்று. பிற கோளாறுகளின் அறிகுறி. நோயாளி மட்டுமே உணர்வதும், அபூர்வமாகப் பரிசோதகரும் கேட்கக்கூடியதும் என இருவகைப்படும். ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையோ இதனை 28 கர்ண ரோகங்களுள் (காது நோய்களுள்) ஒன்றாக எண்ணுகிறது.

முதுமையாலோ பேரொலியாலோ உட்செவியின் மயிரணுக்கள் சேதமுறும்போது, குறைந்துபோன ஒலிச்செய்தியை ஈடுசெய்ய மூளையின் கேள்விப் பகுதி தன் கிளர்ச்சியை மிகுத்துக்கொள்வதே பெரும்பாலும் இதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது. காதழுக்கும் சில மருந்துகளும்கூடக் காரணமாகலாம். 1888இல் முதல் நூற்பாலை கண்ட கோயம்புத்தூரிலும், துடியலூர் உள்ளிட்ட அதன் சுற்றுவட்டாரத்திலும், சோமனூர் விசைத்தறிக் கூடங்களிலும், ஓயாத யந்திர ஓசையினிடையே ஜீவனம் நடத்துவோருக்கு இது தொழில்வழி உபாதையாகவும் நேர்கிறது. 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையோ இரைச்சலால் நேரும் செவிப்புலன் இழப்பை அறிவிக்கத்தக்க நோயாகக் கொண்டதேயன்றிக் காதிரைச்சலை அவ்வாறு கொள்ளவில்லை. கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத வேதனையைச் சட்டம் அளப்பது சுலபமன்று.

பெரும்பாலோருக்கு இதனை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. நிசப்தத்தில் ஒலி ஓங்குவதால் நித்திரைக்கு முன் மின்விசிறியோ மெல்லிய இசையோ ஒலிக்கச் செய்தலும், செவிப்புலன் குறைந்தோர் காதுக்கருவி அணிதலும் துணைபுரியும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒலியைக் குறைக்காவிடினும், அதனால் எழும் மனக்கிலேசத்தைக் குறைக்கும். ஒரு காதில் மட்டும் கேட்பினும், நாடித்துடிப்போடு இசைந்து ஒலிப்பினும், திடீரெனக் கேள்வி மங்கினும் தாமதமின்றி வைத்தியரை நாடுதல் அவசியம்.