கொல்கத்தாவின் அரண்மனை அருங்காட்சியகங்களும் அரசர் வாழ்ந்த இடங்களும்

முன்னுரை

அரசு மறைந்த பின்னரும் அரண்மனை நிற்கிறது. அது அருங்காட்சியகமாக மாறும்போது எவருடைய வரலாற்றைக் காட்டுகிறது என்பது ஆராயத்தக்கது. தஞ்சை அரண்மனையின் ஒரு பகுதியில் 1951ஆம் ஆண்டு கலைக்கூடம் அமைந்தது. நாயக்கரும் மராட்டியரும் ஆட்சி செலுத்திய இடத்திலேயே அங்குக் காட்சிப்பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. கொல்கத்தாவின் நிலை இதனின் வேறுபட்டது. அந்நகர் அரசர் அமைத்த தலைநகரன்று. கிழக்கிந்தியக் கும்பினியின் வணிகத் தலமாக வளர்ந்தது. அங்கே அரண்மனை எனப் பெயர் பெற்றவை எவை, அரசகுலத்தார் வாழ்ந்த இடங்கள் என்னவாயின என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வணிகர் எழுப்பிய மாளிகைகள்

வட கொல்கத்தாவில் முக்தாராம் பாபு தெருவில் 'மார்பிள் பேலஸ்' எனப்படும் சலவைக்கல் மாளிகை அமைந்துள்ளது. சுவர்ணவணிகர் மரபில் வந்த ராஜேந்திர மல்லிக் (1819-1887) 1835இல் இதனைக் கட்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 16. முகப்பில் கொரிந்தியத் தூண்கள் நிற்க, உள்ளே வங்காள மரபின்படி திறந்த முற்றமும் வழிபாட்டுக் கூடமும் அமைந்துள்ளன. ஐரோப்பியச் சிற்பங்களும் ஓவியங்களும் கடிகாரங்களும் ஆளுயரக் கண்ணாடிகளும் கூடங்களை நிறைக்கின்றன. 'ராஜா' என்பது ஆங்கில அரசு அவருக்கு வழங்கிய பட்டம். அவருக்கு ஆளும் நாடு இருந்ததில்லை.

ஜொராசங்கோவில் உள்ள தாகூர் மாளிகையும் இத்தகையதே. இரவீந்திரநாதரின் பாட்டனார் துவாரகநாத் தாகூர் 'இளவரசர்' என அழைக்கப்பட்டமைக்கு அவருடைய செல்வமும் வாழ்க்கை முறையுமே காரணம். 1861இல் இரவீந்திரநாதர் பிறந்ததும் 1941இல் மறைந்ததும் இம்மாளிகையிலேயாகும். 1962இல் தொடங்கப்பெற்ற இரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அது அருங்காட்சியகமாக விளங்குகிறது. அதன் பெருமைக்கு அடிப்படை கவிதையே அன்றி அரசுரிமை அன்று.

வேலூரிலிருந்து வந்த அரசகுலம்

மெய்யான அரசகுலத்தார் கொல்கத்தாவுக்கு வந்தது சிறைப்பட்டவர்களாகவே. 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் போரில் மடிந்தபின் அவர் குடும்பத்தினர் வேலூர்க் கோட்டையின் மகால்களில் வைக்கப்பட்டனர். 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூரின் புலிக்கொடியைக் கோட்டையில் ஏற்றினர். அதன் விளைவாக இளவரசர்கள் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு, நகரின் தெற்கே டோலிகஞ்சுப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர்.

திப்புவின் மகன் குலாம் முகம்மது 1842இல் தர்மதலாவில் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார். அதிலுள்ள கல்வெட்டு, இறைவனுக்கு நன்றியாகவும், 1840இல் கும்பினி இயக்குநர் அவை தமக்கு உதவித்தொகை நிலுவையை வழங்கியதன் நினைவாகவும் அது எழுப்பப்பட்டதாகக் கூறுகிறது. தந்தையின் நாட்டைக் கவர்ந்த கும்பினியின் கொடையே மகனின் கல்வெட்டில் இடம்பெறுகிறது. எனினும் மக்கள் வழக்கில் அப்பள்ளிவாசல் திப்பு சுல்தான் பெயராலேயே வழங்குகிறது. திப்பு ஒருபோதும் காணாத நகரில் அவர் பெயர் நிலைபெற்றமை நோக்கத்தக்கது.

அயோத்தி நவாபின் மட்டியாபுருஜ்

1856இல் அவத் நாட்டைக் கும்பினி இணைத்துக்கொண்டபோது நவாபு வாஜித் அலி ஷா கொல்கத்தா வந்தார். 1857 எழுச்சியின்போது வில்லியம் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். விடுதலைக்குப்பின் ஊக்ளி ஆற்றங்கரையில் மட்டியாபுருஜ் பகுதியில் மாளிகைகளும் விலங்குக்காட்சியகமும் அமைத்து, லக்னோவின் இசையையும் நடனத்தையும் அங்கு வளர்த்தார். 1887இல் அவர் மறைந்தபின் உடைமைகள் கலைக்கப்பட்டன, மாளிகைகள் அழிந்தன. அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ள சிப்தைனாபாத் இமாம்பாரா இன்றும் உள்ளது.

ஒப்பீடு

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உடைமை முறையே எனலாம். மல்லிக்கின் மாளிகை குடும்பச் சொத்தாகத் தொடர்ந்தது. தாகூரின் மாளிகை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சிறைப்பட்ட அரசரின் வாழ்க்கையோ உதவித்தொகையைச் சார்ந்தது. அவர் ஆயுளோடு அந்நிலையும் முடிந்தது. வழிபாட்டிடங்கள் அறக்கொடையாக விடப்பட்டமையால் நிலைத்தன. ஆகவே கொல்கத்தாவில் அரசகுல வரலாற்றைத் தேடுவோர் அருங்காட்சியகங்களில் அன்றிப் பள்ளிவாசலிலும் கல்லறையிலுமே அதனைக் காண இயலும்.

முடிவுரை

வேலூர்க் கிளர்ச்சியின் வரலாறு 1806ஆம் ஆண்டோடு முடிவதன்று. அதன் பிற்பகுதி கொல்கத்தாவில் உள்ளது. வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. தர்மதலாக் கல்வெட்டின் படியொன்று அங்கு வைக்கப்பெறின், மகால்களைக் காண வருவோர் அங்கிருந்து சென்றவர்களின் பிற்கால வாழ்வையும் அறிவர். அரண்மனையைக் காப்பது கட்டடத்தைக் காப்பதோடு நிறைவதில்லை. அதிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் வரலாற்றையும் அதனோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.