ஏலமலையும் அருங்காட்சியகமும்: தோட்ட வாழ்வைக் காட்சிப்படுத்தலின் வரலாறு

சென்னை அரசினர் அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு, எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் பொறுப்பில், நுங்கம்பாக்கத்துக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கப்பெற்றது. 1854இல் அது எழும்பூர்ப் பாந்தியன் மாளிகைக்கு மாறியது. பால்ஃபர் உயிருள்ள விலங்குகள் சிலவற்றையும் அங்கே வைத்துப் பேணினார். பின்னர் அவை மக்கள் பூங்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டன. இவ்விரு இடங்களுக்கும் நகரத்து மக்கள் இட்ட பெயர்கள் அறிஞர் பலரும் அறிந்தவை. பாடம் செய்த விலங்குகளும் எலும்புகளும் கற்சிலைகளும் இருந்த இடம் 'செத்த காலேஜ்'. விலங்குகள் உலவிய இடம் 'உயிர் காலேஜ்'. இதனைப் பாமரர் நகைச்சுவை என்று தள்ளிவிடுவது வழக்கம். உண்மையில் தமிழ்நாட்டில் அருங்காட்சியகக் காட்சி அமைப்பைப் பற்றி எழுந்த முதல் திறனாய்வு அதுவே எனலாம். பொருள் ஒன்று தன் இடத்தையும் பயனையும் இழந்து கண்ணாடிப் பேழைக்குள் புகும்போது எஞ்சுவது எது என்னும் வினா அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அருங்காட்சியகங்கள் வகைப்பாட்டை அடிப்படையாகக் கொண்டவை. சென்னையிலும், 1857இல் தோன்றி 1880இல் சிசோம் வடிவமைத்த புதிய கட்டடத்திற்கு மாறிய திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்திலும், கல் கல்லோடும் செம்பு செம்போடும் பறவை பறவையோடும் வைக்கப்பெற்றன. இம்முறை ஆய்வாளர்க்கு ஏற்றது. காண்போர்க்கு ஏற்றதா என்பது வேறு. பொருளை அதன் வாழிடத்தோடு காட்டும் முறை 1891இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஆர்த்தூர் அசேலியசு நிறுவிய ஸ்கான்சென் திறந்தவெளிக் காட்சியகத்தால் உலகில் பரவியது. ஊர்களில் இருந்த வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பிக் காட்டுவது அதன் முறை. தமிழகத்தில் 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா இம்முறையைப் பின்பற்றித் தென்னாட்டு வீடுகளை மறுபடி எழுப்பிற்று. 2023இல் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைத் தழுவிக் கட்டப்பட்டது. இங்குக் கட்டடமே காட்சியின் ஒரு பகுதியாகிறது.

மலைத்தோட்டங்கள் இவ்வரலாற்றில் மிகப் பிந்தி நுழைந்தவை. அரசர், சமயம், தொல்பழங்காலம் ஆகியனவே காட்சிக்குரியன என்னும் எண்ணம் நீங்கிய பின்னரே தொழிற்சாலை உருளையும் கூடையும் காட்சிப்பொருள் ஆயின. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்த நல்லதண்ணித் தோட்டத்தில் 2004ஆம் ஆண்டு டாட்டா தேயிலை நிறுவனம் அமைத்த தேயிலை அருங்காட்சியகம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அங்குள்ள பொருள்களைக் கூர்ந்து நோக்கின், அவை சொல்லும் வரலாறும் சொல்லாது விடும் வரலாறும் ஒருங்கே புலனாகும்.

கண்ணன் தேவன் மலையின் தோட்ட வரலாறு 1877இல் தொடங்குகிறது. அவ்வாண்டு பூஞ்சாற்று அரசரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் இம்மலைப் பகுதியைப் பெற்றார். 1880இல் பார்வதித் தோட்டத்தில் ஷார்ப் என்பவர் தேயிலை பயிரிட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. 1964இல் டாட்டா குழுமம் பின்லே நிறுவனத்தோடு இணைந்தது. 1983இல் தோட்டங்கள் டாட்டா தேயிலை நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2005இல் தொழிலாளரும் பங்குதாரராக உள்ள கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் தோன்றியது.

அருங்காட்சியகத்தில் உள்ள பொருள்களுள் சில இவை: 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் பொறி, கன்னிமலைத் தோட்டத்தில் 1920களில் மின்னாக்கத்திற்குப் பயன்பட்ட பெல்டன் சக்கரம், குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையில் ஓடிய எஞ்சினின் சக்கரம், பழைய தட்டச்சுப் பொறிகள், கணக்கிடும் கருவிகள், தொலைபேசிகள், துரைமார் வீட்டு மரச் சாமான்கள். காண்போர்க்கு வரலாற்றுத் திரைப்படம் ஒன்று காட்டப்படுகிறது. சிறிய அளவில் அமைந்த ஆலையில் கொழுந்து தூளாகும் முறையைக் காணலாம். தேநீரைச் சுவைத்தும் பார்க்கலாம். கண், மூக்கு, நா மூன்றிற்கும் வேலை தரும் இவ்வொழுங்கு காட்சி அமைப்பு என்ற முறையில் செவ்வையானது. செத்த காலேஜ் என்று எவரும் இதனைச் சொல்லமாட்டார்.

இருப்புப்பாதைச் சக்கரம் தனித்து ஆராய்தற்குரியது. 1902இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளத்தில் எருதுகள் இழுக்கும் வண்டிகள் ஓடின. 1908இல் அது இரண்டடி அகலமுள்ள குறும்பாதையாக மாற்றப்பெற்று எஞ்சின் ஓடத் தொடங்கியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் வழியாகத் துறைமுகம் சென்றன. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924 சூலையில், பெய்த பெருமழை இப்பாதையை முற்றும் அழித்தது. அது மீண்டும் போடப்படவில்லை. எனவே எஞ்சிய சக்கரம் வெறும் இரும்பு அன்று. இம்மலையின் வணிகம் ஒருகாலத்தில் கிழக்கு நோக்கி, தமிழகச் சமவெளியை நோக்கி இறங்கியது என்பதற்கு அது சான்று. ஆனால் சக்கரத்தைச் சக்கரமாக மட்டும் வைத்தால் இச்செய்தி காண்போரை எட்டாது. பெட்டி இறங்கிய வழியே ஆளும் ஏறினர் என்பதைக் காட்டும் நிலப்படம் ஒன்று அதன் அருகில் இருப்பின் பொருள் பேசத் தொடங்கும்.

இன்னும் இரண்டு பொருள்கள் தமிழியலார் கவனத்திற்குரியவை. ஒன்று 1913இல் நாசரேத்துக் கலைத்தொழிற் பள்ளியில் செய்யப்பெற்ற கருங்கல் நிழற்கடிகாரம். திருநெல்வேலிச் சீமைத் தொழிற்பள்ளியின் கைவண்ணம் ஆங்கிலத் துரையின் தோட்டத்தில் நேரம் காட்டியது. மற்றொன்று பெரியகானல் தோட்டத்தருகே கிடைத்த, கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது எனப்படும் முதுமக்கள் தாழி. பெரியகானலை ஒட்டிய சின்னக்கானல் உடும்பஞ்சோலை வட்டத்தைச் சேர்ந்தது. 1877இல் ஆளில்லாக் காட்டுக்கு ஆங்கிலேயர் வந்தனர் என்று தொடங்கும் கதைக்கு இத்தாழி ஒன்றே மறுப்பாகும். மறையூரில் காணப்படும் முனியறைகள் என்னும் கல்லறைகளையும் இதனோடு சேர்த்துக் கருதவேண்டும். தாழி, தட்டச்சுப் பொறி இருக்கும் அதே காட்சியகத்தில் இடம்பெறுவது ஒருவகையில் நன்றே. ஆயினும் இரண்டிற்கும் இடையிலுள்ள ஈராயிரம் ஆண்டு இடைவெளியை நிரப்ப முதுவர், மன்னான் முதலிய மலைவாழ் மக்களின் வரலாறு வேண்டும்.

காட்சிப்பொருள்களின் தேர்வு இங்கு ஏன் இத்துணை முதன்மை பெறுகிறது? அதற்கு இவ்வட்டாரத்தின் அரசியல் வரலாறே விடை. 1950களில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. அங்குள்ள தமிழருட் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போவோர். நிலையான குடிகள் அல்லர் என்பது எதிர்த்தரப்பின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. 1956இல் மாநிலச் சீரமைப்பின்போது இவ்வட்டங்கள் கேரளத்திலேயே நிலைத்தன. இதற்கு முந்திய 1955இல் உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் உடும்பஞ்சோலைப் பகுதியில் கல்லாறு பட்டம் காலனி அமைந்தது. மலையாள உழவர் குடும்பங்கள் அங்கு நிலம் பெற்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது உடும்பஞ்சோலையும் அதில் சேர்ந்தது. எல்லை முடிந்த கதை. அதனை மீண்டும் கிளறுதல் இங்கு நோக்கமன்று. ஆனால் 'வந்து போவோர்' என்ற சொல் நான்கைந்து தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து இறந்த மக்கள்மீது ஒட்டிக்கொண்டது. நிலப்பட்டா இல்லாத மக்களுக்குத் தாம் இருந்ததை மெய்ப்பிக்கப் பொருள்களும் சொற்களுமே உள்ளன. அவை காட்சியகத்தில் இடம்பெறுதலும் பெறாமையும் இவ்வகையில் அழகியல் வினா மட்டும் அன்று.

இலங்கை மலையகம் இதற்கு ஒப்பான, ஆனால் மேலும் கொடிய நிலையைக் கண்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாத்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது. அங்கே இன்று இரண்டு வகைத் தேயிலை அருங்காட்சியகங்கள் உள்ளன. கண்டியை அடுத்த அந்தானையில் 1925இல் கட்டப்பெற்ற தொழிற்சாலை 2001இல் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. அங்கே உருளைகளும் எஞ்சின்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்சு டெய்லரின் பொருள்களும் உள்ளன. பயிரின், பொறியின், முதலாளியின் வரலாறு அது. கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்திலோ, கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக்காப்பகமும் அமைத்தது. பழைய லயன் அறைகளே அதன் கட்டடம். தொழிலாளரின் கருவிகள், சமையற்கலங்கள், அணிகலன்கள், இசைக்கருவிகள், ஆவணங்கள் ஆகியன அவ்வறைகளில் வைக்கப்பெற்றுள்ளன.

கம்பளைக் காட்சியகத்தின் சிறப்பு அதன் பொருள்களில் அன்று, இடத்தில் உள்ளது. குடும்பம் முழுவதும் வாழ்ந்த அறையின் சிறுமையை எந்த விளக்கப் பலகையாலும் சொல்லிவிட இயலாது. காண்போர் அதனுள் நின்றாலே அறிவர். பொருளுக்கு இடம் தேடாமல், இடத்தையே பொருளாக்கும் இம்முறையில் செலவு குறைவு. ஸ்கான்சென்போல வீட்டைப் பெயர்த்துக் கொணர வேண்டுவதும் இல்லை.

உடும்பஞ்சோலையின் பயிர் ஏலம். தேயிலைக் காட்சியகத்தின் அமைப்பை அப்படியே ஏலத்திற்கு எடுத்தாள இயலாது. தேயிலை திறந்த சரிவில் வளர்வது. ஏலம் மரநிழலில் வளர்வது. எனவே ஏலக் காட்சியகத்தின் முதற்பொருள் காடே ஆதல் வேண்டும். காட்டின் பரப்பைப் பற்றியே நீண்ட வழக்கு ஒன்று உண்டு. ஏலமலைக் காப்புக்காட்டைக் குறித்து 1897இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிக்கையில் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே அது. ஓர் இலக்கத்தால் ஒரு மலையே வழக்கில் நிற்கிறது. இத்தகைய ஆவணத்தின் படியொன்றைப் பேழையில் வைத்து, இரு தரப்பு வாதத்தையும் பக்கத்தில் எழுதினால், அரசாணை என்பது என்ன என்பதைப் பள்ளி மாணவர் எளிதில் உணர்வர்.

அடுத்து, பணி. ஏலக்காய் ஒரே முறையில் பழுப்பதன்று. சில வாரங்களுக்கு ஒருமுறை, குனிந்து, தரையை ஒட்டிய சரத்திலிருந்து முற்றிய காய்களை மட்டும் தேர்ந்து எடுக்கவேண்டும். இப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள்; பலர் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக சீப்புகளில் நாள்தோறும் ஏறி இறங்குவோர். எடுத்த காயை 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கட்டடத்தில் வெப்பமூட்டி உலர்த்துவர். ஐந்து பங்கு பச்சைக்காய் ஏறத்தாழ ஒரு பங்கு உலர்காய் ஆகும். ஐந்து கூடைகளையும் ஒரு கூடையையும் அருகருகே வைப்பது புள்ளிவிவரப் பலகையைவிடத் தெளிவாக இதனை உணர்த்தும். உலர்ந்த காய் போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலத்திற்கு வருகிறது. ஏலத்தை ஏலம் விடுகின்றனர் என்னும் தொடரில் முதற்சொல் தமிழ்ச்சொல்; இரண்டாவது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. ஒரே ஒலியில் காடும் கடல்வணிகமும் சந்திக்கும் இவ்விடத்திற்கு ஒரு பேழை ஒதுக்கலாம்.

சொற்களைக் காட்சிப்படுத்துதல் விரிவாக எண்ணத்தக்கது. கவ்வாத்து, கொழுந்து, லயம், கங்காணி, பெரட்டு என்பன தோட்டத்தமிழின் சொற்கள். அவற்றுட் சில பணிமுறை மாறியதால் வழக்கிழந்து வருகின்றன. விளக்கப் பலகையில் ஆங்கிலத்தை எழுதி, அதனை அகராதித் தமிழில் பெயர்த்து வைப்பது பயன் தராது. 'கத்தரித்தல்' என்று எழுதினால் கவ்வாத்துக் கத்தி பிடித்த முதியவருக்கு அது தம் தொழிலாகத் தோன்றாது. தொழிலாளர் சொன்ன சொல் முதலிலும், தமிழ், மலையாள, ஆங்கில விளக்கங்கள் பின்னும் வருதல் முறை. எழுத்து பெரிதாயிருத்தல் வேண்டும். பலகை ஒன்றில் நாற்பது ஐம்பது சொல்லுக்கு மேல் இருப்பின் நின்று படிப்போர் குறைவர். எழுதப் படிக்க அறியாதார்க்குக் குரற்பதிவு உதவும். அச்சொல்லை வழங்கியவர் குரலே அதற்குச் சிறந்தது.

அண்மைக் கால நிகழ்ச்சிகளைக் காட்டுதல் கடினமானது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் 'பெண்பிள்ளை ஒற்றுமை' என்ற பெயரில், தொழிற்சங்கங்களையும் விலக்கிவைத்து, மிகையூதியம் கோரிப் போராடினர். 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன, எழுபதுபேர் மாண்டனர். முதல் நிகழ்ச்சி நிறுவனக் காட்சியகத்தில் இடம்பெறுமா என்பது நிறுவனத்தின் துணிவைப் பொறுத்தது. இரண்டாவதற்குத் துணிவைவிடத் தன்னடக்கமே தேவை. இறந்தார் உறவினர் இன்றும் அதே மலையில் கொழுந்து பறிக்கின்றனர். மீட்கப்பட்ட பொருளைப் பேழையில் வைப்பதற்கு அவர்தம் இசைவு முதலில் வேண்டும். அவர் மறுப்பின் வெற்றிடமே போதும்.

இறுதியாகக் காப்புமுறை. தென்மேற்குப் பருவமழையில் ஏலமலையின் ஈரம் தாளை ஓராண்டிலேயே பூசணம் ஏற்றிவிடும். கூலிச் சீட்டு, பெரட்டுப் புத்தகம், ரேசன் அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியன இன்று லயங்களில் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டு ஒளிப்படியை மட்டும் காட்சியகம் பெற்றுக்கொள்வது உரியவர்க்கும் இசைவானது, ஆய்வாளர்க்கும் போதுமானது. படியெடுக்கும் பணிக்கு மழை ஓய்ந்த சனவரி முதல் மார்ச்சு வரையிலான மாதங்கள் ஏற்றவை. ஏலக்காய் எடுப்பும் அப்பொழுது தணிந்திருக்கும், வீட்டில் ஆள் இருப்பர்.