ஒரு தீவுத்தொடர், பல எல்லைகள்: ரியூக்யூத் தீவுகளின் புவியியலும் பெயர்களும்

ஜப்பானின் கியூஷு தீவுக்கும் தைவானுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கி.மீ. நீளத்துக்கு வளைந்து கிடக்கும் தீவுகளின் பெயர் என்ன? கேள்வி எளியது. போருக்குப் பின் எழுதப்பட்ட இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்தால் விடை குழம்பிப்போகிறது. 1946 ஜனவரி 29 அன்று நேச நாடுகளின் தலைமைத் தளபதியகம் ஜப்பானிய அரசுக்கு அனுப்பிய ஆணைக் குறிப்பு, வடக்கு அட்சரேகை 30 பாகைக்குத் தெற்கேயுள்ள தீவுகளை ஜப்பானிய நிர்வாகத்திலிருந்து பிரித்தது. அத்தீவுகளை அது 'ரியூக்யூ' என்று குறித்து, அடைப்புக்குறிக்குள் 'நான்செய்' என்றது. அதாவது இரண்டும் ஒன்றே. 1951-இல் கையெழுத்தான சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவோ 29 பாகைக்குத் தெற்கேயுள்ள நான்செய்த் தீவுகளைப் பற்றிப் பேசுகிறது. ரியூக்யூத் தீவுகளும் டைட்டோத் தீவுகளும் அவற்றுள் அடங்கும் என்கிறது. முன்னதில் ரியூக்யூ முழுமையின் பெயர். பின்னதில் அது ஒரு பகுதியின் பெயர். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பெயரின் பொருளும் மாறிவிட்டது, எல்லைக்கோடும் ஒரு பாகை நகர்ந்துவிட்டது.

இதை எழுத்தரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தொடர் முழுமைக்கும் வழங்கிய பெயர்கள் எவையும் அத்தீவுகளில் வாழ்ந்தோர் தமக்குத் தாமே இட்டவையல்ல. கடலில் வந்தவர்களும் ஆண்டவர்களும் அளந்தவர்களும் தத்தம் தேவைக்கு இட்டவை. ஒவ்வொரு பெயரும் தனக்கென ஓர் எல்லையையும் உடன் கொண்டுவந்தது. ஆகவே அவற்றுள் ஒன்றைச் 'சரியான' பெயர் என்று நிறுவி மற்றவற்றை அதன் திரிபுகளாகக் கருதும் வழக்கத்தை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இயற்கையே ஓர் ஒற்றைத் தொடரை வகுத்துத் தந்திருக்கிறது, பெயர்தான் அதைப் பின்தொடர முடியாமல் தடுமாறுகிறது என்று சிலர் மறுக்கக்கூடும். நிலவியல் நோக்கில் அது பாதி உண்மை. பிலிப்பைன் கடல் தட்டு யூரேசியத் தட்டின் அடியில் அமிழ்வதால் கிழக்கே ரியூக்யூ அகழியும், அதற்கு இணையாக இந்தத் தீவு வளைவும், வளைவின் பின்புறம் 2,000 மீட்டருக்கும் ஆழமான ஒகினாவாப் பள்ளமும் உருவாயின. இந்த அமைப்பு ஒன்றே. ஆனால் ஒப்பந்தம் பெயர் சொல்லிச் சேர்த்த டைட்டோத் தீவுகள் இதில் இல்லை. அவை அகழிக்கு அப்பால், பிலிப்பைன் கடல் தட்டின் மேல் உயர்ந்து நிற்கும் பழைய பவள வளையங்கள். அடியிலுள்ள தட்டோடு சேர்ந்து அவை வடமேற்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன. 1900 வரை அங்கு எவரும் குடியிருக்கவில்லை. அவ்வாண்டு மினாமி டைட்டோவில் முதலில் குடியேறியவர்கள் டோக்கியோவுக்குத் தெற்கேயுள்ள ஹச்சிஜோ தீவினர். நிலவியல் சேர்க்காததையும் குடிவரலாறு சேர்க்காததையும் நிர்வாகம் சேர்த்துக்கொண்டது.

வளைவுக்குள்ளேயும் ஒருமை குறைவு. வடக்கே யாக்குத் தீவில் 1,936 மீட்டர் உயரச் சிகரம் உண்டு, குளிர்காலத்தில் அதில் பனி பெய்யும். தெற்கே மியாகோ சுண்ணாம்புக்கல்லால் ஆன தட்டை நிலம். அதன் மேட்டுப் பகுதியே நூறு மீட்டரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. தைவானுக்கும் யொனகுனித் தீவுக்கும் இடையே கிழக்குச் சீனக் கடலுக்குள் நுழையும் குரோஷியோ வெந்நீரோட்டம் வடக்கே உள்ள டொகாரா நீரிணை வழியாக மீண்டும் பசிபிக்கில் இறங்குகிறது. தொடரின் பெரும்பகுதியைத் துணை வெப்பமண்டலமாக வைத்திருப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அந்த நீரோட்டம் வெளியேறும் பகுதியில்தான், டொகாராத் தீவுகளின் நடுவே, வட்டாசே கோடு செல்கிறது. கோட்டுக்கு வடக்கே வாழும் விலங்குகள் ஜப்பானிய முதன்மைத் தீவுகளின் உறவினர். தெற்கே வாழ்பவை தென்கிழக்காசிய, தைவானிய மரபினர். தெற்கே ஒகினாவாவுக்கும் மியாகோவுக்கும் நடுவில் கெராமா இடைவெளி என்ற மற்றோர் ஆழ்கடல் பிளவு உள்ளது. பனியூழிகளில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தபோதும் டொகாரா, கெராமா என்ற இவ்விரு பிளவுகளும் நீராகவே இருந்தன. ஹாபு என்னும் நச்சுப்பாம்பு ஒகினாவாவுக்கு வடக்கே உள்ள அமாமியில் உண்டு, ஒகினாவாவில் உண்டு, அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று யாயெயாமாவிலும் உண்டு. இடையிலுள்ள மியாகோவில் இல்லை. விலங்கியலின் கண்ணுக்கு இது மூன்று துண்டுகளாக உடைந்த தொடர்.

மனிதர் வாழ்ந்த புவியியலோ இன்னும் சிறிய அளவில் இயங்கியது. யாயெயாமாவில் மலையும் ஆறும் உள்ள உயர்ந்த தீவுகளில் நெல் விளையும், கூடவே மலேரியாவும் இருக்கும். தாழ்ந்த பவளத் தீவுகளில் நோய் குறைவு, ஆனால் நன்னீரும் வயலும் அரிது. டக்கெத்தோமி, ஹத்தோமா போன்ற தாழ்ந்த தீவுகளில் குடியிருந்தவர்கள் படகேறி உயர்ந்த தீவான இரியொமொதேக்குச் சென்று நெல் பயிரிட்டுத் திரும்பினார்கள். ஒகினாவாவிலிருந்து ஆண்ட ஷூரி அரசு மியாகோ, யாயெயாமா மக்கள்மீது விதித்திருந்த தலைவரியைக் கட்ட அந்த விளைச்சல் வேண்டியிருந்தது. அவ்வரி 1903 வரை நீடித்தது. இப்படி வாழ்ந்த ஒருவருக்கு வேண்டியிருந்த பெயர்கள் தன் தீவுக்கும், எதிர்த் தீவுக்கும், இடையிலுள்ள நீர்வழிக்கும் உரியவை. தைவானிலிருந்து கியூஷு வரையிலான தொடர் முழுவதற்கும் ஒரு பெயர் அவருக்கு எதற்கு?

அந்தத் தேவை தொலைவிலிருந்து வந்தவர்களுக்கே இருந்தது. இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான சான்று ஜப்பானின் பழைய அரசவைக் குறிப்பேடான ஷோக்கு நிஹோங்கியில் இருக்கிறது. 735-இல் கியூஷுவின் தஸாய்ஃபு ஆளுநரகம் ஆள் அனுப்பித் 'தென் தீவுகளில்' பெயர்ப்பலகைகளை நட்டது. 754-இல் அவை சிதைந்துபோனதால் மீண்டும் நடும்படி ஆணை பிறந்தது. பலகையில் இருக்க வேண்டியவை: தீவின் பெயர், கப்பல் நிறுத்தும் இடம், குடிநீர் கிடைக்கும் இடம், அடுத்த நாட்டுக்கு உள்ள தொலைவு. தாங் சீனத்துக்குச் சென்று மீளும் தூதுக் கப்பல்கள் காற்றில் திசைமாறி இத்தீவுகளில் ஒதுங்கின. அக்கப்பலோருக்காகவே இந்த ஏற்பாடு. மரத்தில் பொறித்த பெயர் ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியானது. 'தென் தீவுகள்' என்ற தொகுப்புப் பெயரோ தஸாய்ஃபுவில் நின்று பார்த்தவரின் பெயர். தீவின் பெயரும் தொகுப்பின் பெயரும் வெவ்வேறு இடங்களில் பிறக்கின்றன என்ற உண்மை இவ்வளவு தொடக்கக் காலத்திலேயே பதிவாகியிருக்கிறது.

'ரியூக்யூ' என்ற பெயரின் வரலாறும் இதே போக்கில் செல்கிறது. 7ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சுயி வம்ச வரலாற்றில் 'லியூச்சியூ' என்று ஒரு நாடு வருகிறது. அது ஒகினாவாவா, தைவானா என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேற்றுமை உண்டு. சீனக் கரையிலிருந்து கிழக்கே கடலில் தெரிந்த நிலங்களுக்குப் பொதுவாக ஒலித்த பெயராகவே அதைக் கொள்வது பொருந்தும் என்பது என் கருத்து. மிங் காலத்தில் ஒகினாவாவைப் 'பெரிய லியூச்சியூ' என்றும் தைவானைச் 'சிறிய லியூச்சியூ' என்றும் வேறுபடுத்த வேண்டிவந்தது இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. தைவானின் தென்மேற்கே உள்ள ஒரு சிறு பவளத் தீவு இன்றும் சியாவ் லியூச்சியூ என்றே வழங்குகிறது. 1372-இல் ஒகினாவாவின் சூஸான் அரசர் சாத்தோ மிங் பேரரசருக்குத் திறை அனுப்பிய பின் அப்பெயர் ஓர் அரசில் நிலைகொண்டது. 1429-இல் ஒகினாவாத் தீவு ஷோ ஹாஷியின் கீழ் ஒன்றானபோது சீன அரசவையில் ஊன்றியிருந்த அந்தப் பெயரே அரசின் வெளியுலகப் பெயராயிற்று.

அப்பெயரை மேற்குலகுக்குக் கொண்டு சேர்த்த துறைமுகம் மலாக்கா. தமிழருக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள மெய்யான தொடர்பு இங்கேதான். ஷூரி அரசின் ஆவணத் தொகுப்பான ரெக்கிதாய் ஹோவானில் மலாக்கா அரசருக்கு எழுதிய 15ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் உள்ளன. மலாக்காவில் வாணிகக் கூட்டங்களுக்கென நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்ததாக 1510-களில் எழுதிய போர்த்துகீசியர் தோமே பிரெஷ் சொல்கிறார். 'கிலிங்' என்று அழைக்கப்பட்ட சோழமண்டலக் கரை வணிகர் ஒருவரின் பொறுப்பிலும், சீனரும் சம்பாவினரும் 'லெக்கியோ' என்ற ரியூக்யூவினரும் மற்றொருவரின் பொறுப்பிலும் இருந்தனர். போர்த்துகீசிய நிலப்படங்களில் 'லெக்கியோ' என்று பதிந்தது துறைமுகச் சந்தையில் கேட்ட பெயர். அந்த ஒலிக்கு எத்தனை தீவுகள் உரியவை என்று மலாக்காவில் எவரும் எண்ணியிருக்க வேண்டியதில்லை.

ஷூரியின் ஆட்சி பரவியபோது பெயரும் பரவியது, வாளோடு. 1466-இல் கிக்காய்த் தீவு அடக்கப்பட்டது. 1500-இல் யாயெயாமாவில் ஒயாக்கே அக்காஹச்சி எழுப்பிய எதிர்ப்பு முறியடிக்கப்பட்டது. ஆகவே அமாமியிலும் மியாகோவிலும் யாயெயாமாவிலும் 'ரியூக்யூ' என்ற பெயர் தொடக்கத்தில் ஆண்டவரின் பெயர். தென் கியூஷுவின் சட்சுமா ஆட்சி 1609-இல் படையெடுத்து அமாமியைத் தன் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்டது. அத்தீவுகளுக்கு அது வைத்த பெயர் 'மிச்சி நோ ஷிமா', வழியிலுள்ள தீவுகள். வழி எங்கிருந்து எங்கே என்பதை சட்சுமாவின் தலைநகரான ககோஷிமா தீர்மானித்தது.

1879-இல் ஜப்பானின் மெய்ஜி அரசு ரியூக்யூ முடியாட்சியைக் கலைத்து ஒகினாவா மாநிலத்தை நிறுவியது. மறு ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த பேச்சில் மியாகோவையும் யாயெயாமாவையும் சிங் பேரரசுக்கு விட்டுக்கொடுக்க ஜப்பான் முன்வந்தது. வரைவு தயாரானது, சீனம் கையெழுத்திடவில்லை. கெராமா இடைவெளி நாட்டு எல்லையாகாமல் தப்பியது அந்த ஒரு தயக்கத்தால்தான். 'நான்செய்', அதாவது தென்மேற்கு, என்ற தொகுப்புப் பெயரைப் பரப்பியது மெய்ஜிக் கடற்படையின் நீர்வரைவுத் துறை. அரசின் நினைவு ஏதும் ஒட்டாத திசைப்பெயர் அது. முடியாட்சி மறைந்த சூட்டில் அப்படியொரு பெயர் வரைபடங்களில் ஏறியது தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

1945-க்குப் பின் ஆட்சிக்கு வந்த அமெரிக்கர் 'ரியூக்யூ'வைத் திரும்ப எடுத்தார்கள்: ரியூக்யூ அரசு, ரியூக்யூ வங்கி, ஷூரிக் கோட்டையின் இடிபாட்டில் 1950-இல் திறந்த ரியூக்யூப் பல்கலைக்கழகம். ஜப்பானிலிருந்து வேறான ஒன்று என்று அப்பெயர் உணர்த்த வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். தாய்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்களோ 'ஒகினாவா மாநிலம்' என்பதை ஏந்தினார்கள். அமாமியில், கவிஞரும் ஆசிரியருமான இஸுமி ஹோரோவின் தலைமையில் மீட்பு இயக்கம் உண்ணாநோன்பும் கையெழுத்துத் திரட்டலுமாக வளர்ந்தது. 1953 டிசம்பர் 25 அன்று அமாமி ஜப்பானிடம் திரும்பியது.

அன்று நடந்ததைத் தீவுகளின் பெயர் பற்றி எழுதுவோர் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. அமாமியிலிருந்து வேலை தேடிப் பல்லாயிரவர் ஒகினாவாவுக்கு வந்திருந்தார்கள். படைத்தளக் கட்டுமானம் அவர்கள் உழைப்பையும் நம்பி நடந்தது. டிசம்பர் 24 வரை அவர்கள் ரியூக்யூவினர். மறுநாள் முதல் அவர்கள் சட்டப்படி 'ரியூக்யூவினர் அல்லாதோர்'. அயலார் பதிவு கட்டாயமானது, வாக்குரிமை போயிற்று, அரசுப் பணியில் இருந்தவர்கள் நீக்கப்பட்டார்கள், பதவியின் உயரத்தில் இருந்தவர்களும் தப்பவில்லை. குடும்பமும் பேச்சும் முன்போலவே இருந்தன; பெயரின் எல்லை மட்டும் ஒரு தீவுக் கூட்டத்தைக் கடந்து தெற்கே வந்துவிட்டது. மண்ணின் இயல்பிலிருந்து எழுந்த பெயராக 'ரியூக்யூ' இருந்திருந்தால் இது நடந்திருக்க முடியுமா?

டொகாராவின் கதை இதன் மறுமுனை. போருக்கு முன் பத்துத் தீவுகள் சேர்ந்து 'பத்துத் தீவு' என்ற ஒரே கிராமமாக இருந்தன. 1946-இன் 30 பாகைக் கோடு வடக்கே மூன்றையும் தெற்கே ஏழையும் பிரித்தது. 1952-இல் தெற்கு ஏழும் திரும்பின, கிராமங்கள் சேரவில்லை. வடக்கே 'மூன்று தீவு' என்ற பெயரில் ஒரு கிராமம். தெற்கே மக்கள் வாழும் தீவுகள் ஏழாக இருந்தும் 'பத்துத் தீவு' என்ற பெயரே நிற்கிறது. வட்டாசே கோடு இந்தக் கிராமத்துக்குள்ளேயே செல்கிறது. கிராம அலுவலகம் இருப்பதோ கிராமத்துக்கு வெளியே, ககோஷிமா நகரில்.

தொகுப்புப் பெயர் இல்லாமல் ஒப்பீட்டு ஆய்வு நடவாது என்ற மறுப்புக்கு நியாயம் உண்டு. எழுத்தாளர் ஷிமாவோ தொஷியோ அமாமியில் நூலகராக இருந்துகொண்டு 'ரியூக்யூ வளைவு' என்ற நிலவியல் பெயரைப் பண்பாட்டுக்கும் விரித்தது, அமாமியை ஒகினாவாவோடு சேர்த்துச் சிந்திக்க ஒரு வழி திறந்தது. அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெயரை எடுப்பவர் டைட்டோவை வெளியே விடுகிறார் என்பதையும், யாக்குத் தீவு அடங்கிய வடக்கு ஒசுமித் தீவுகளை உள்ளே விடுவதா என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். முடியாட்சி பற்றி எழுதுபவர் ரியூக்யூ என்று எழுதலாம், எந்த நூற்றாண்டின் எல்லை என்று குறித்து. மொழி பற்றி எழுதுபவருக்கு யுனெஸ்கோ 2009-இல் அழிநிலை மொழிகளாகத் தனித்தனியே பட்டியலிட்ட அமாமி, குனிகாமி, ஒகினாவா, மியாகோ, யாயெயாமா, யொனகுனி என்ற ஆறு பெயர்களும் வேண்டும். தமிழில் எழுதும்போது நாம் தொடர் முழுவதையும் 'ஒகினாவா' என்று சொல்லிவிடுவது, மியாகோக்காரர் விமானமேறிச் செல்லும் அயல்தீவின் பெயரை அவர் ஊருக்கே சூட்டுவதாகும்.

எல்லையைக் குறித்துப் பெயரிடும் போக்கின் அறிகுறிகள் நடைமுறையில் தென்படுகின்றன. 2010-இல் ஜப்பானிய நில அளவைத் துறையும் கடலோரக் காவல்துறையும் வரைபடங்களில் 'அமாமி ஷோத்தோ'வை நீக்கி, உள்ளூரார் நெடுநாளாகச் சொல்லிவந்த 'அமாமி குந்தோ'வை ஏற்றன. 2021-இல் இத்தொடரின் காடுகள் உலக மரபுச் சின்னமானபோது பட்டியலில் ஏறிய பெயர் இது: அமாமி ஒஷிமா, தொக்குனோஷிமா, ஒகினாவாத் தீவின் வடபகுதி, இரியொமொதே. ரியூக்யூவும் இல்லை, நான்செய்யும் இல்லை. அமாமி முயல், இரியொமொதேப் பூனை போன்றவை வாழும் இடங்களை மட்டும் அது வரிசையாகச் சொல்கிறது. அதை நீளமான, அழகற்ற பெயர் என்று குறைகூறுவோர் உண்டு. எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படிப்பவருக்கு ஐயமே எழாத பெயர் இத்தொடருக்கு அமைந்தது அபூர்வம். அந்த வகையில் அதற்கு முன்னோடி 735-இல் நட்ட பலகைகளே.