ஆற்றில் ஒருவரைத் தொலைத்த குரு

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர். பள்ளியில் பரமார்த்த குரு கதையைப் படித்துவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். ஆற்றைக் கடந்ததும் சீடன் எண்ணுகிறான், தன்னை மட்டும் விட்டுவிடுகிறான், ஆள் ஒன்று குறைகிறது. தாத்தா சிரிக்கவில்லை. "பெரட்டுல கிராணி எண்ணுவாரு, நாங்க நிப்போம். எங்கள நாங்களே எப்பய்யா எண்ணுனோம்?"

எழுதியவர் வீரமாமுனிவர், இத்தாலியப் பாதிரியார், 1747இல் மறைந்தவர். நூல் 1822இல் லண்டனில் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. தமிழ் பழகும் ஐரோப்பியருக்குத் தோதான புத்தகம். இந்த ஊர்க்காரர்களை அச்சில் பார்த்து முதலில் சிரித்தவர்களில் அவர்களும் உண்டு.

சீடர்களின் பெயரைப் பாருங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாச்சு. அதனால்தான் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வரும்போது, விற்று ஏமாற்றியவனை நாம் யாரும் திட்டுவதில்லை. கடைசியில் இருக்கை குளிர்ந்தால் சாவு என்ற ஆரூடத்தை நம்பி குரு செத்தே போகிறார். வகுப்பில் அதற்கும் சிரித்தோம். கணக்கில் தப்பு செய்த தோட்டத்துப் பையனுக்கு அன்றிலிருந்து 'மட்டி' பட்டம். அவன் வேறு என்ன செய்தாலும் எங்கள் கண்ணில் மட்டிதான். எனக்கும் கொஞ்ச நாள் அந்தப் பெயர் இருந்தது. இஞ்சினியர் ஆன பிறகும் எண்ணிக்கையை ரெண்டு தடவை பார்ப்பேன்.

ஆறு தூங்குகிறதா என்று சீடர்கள் கொள்ளிக்கட்டையால் சோதித்ததைத்தான் தாத்தா உடனே ஒப்புக்கொண்டார்.

"சிலாங்கூர் ஆத்துல மொதல கெடக்கு. பாத்துதான் எறங்கணும்."