சக்கைக்குப் பதில் நிலக்கரி: புகளூர் போட்ட கணக்கு

விவசாயக் கழிவிலிருந்து செல்லுலோஸ் எடுப்பது ஏதோ புது ஆராய்ச்சி என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. வேதியியல் ரொம்பப் பழசு. 1800லேயே லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் வைக்கோல் காகிதத்தில் ஒரு புத்தகம் அச்சடித்துக் காட்டினார். அதை நம்பிப் பெரிய ஆலையும் கட்டினார், சில வருடங்களில் திவாலானார். 1838ல் பிரெஞ்சுக்காரர் அன்செல்ம் பாயென், எந்தத் தாவரமானாலும் அமிலமும் காரமும் போட்டு மற்றதைக் கரைத்துவிட்டால் கடைசியில் ஒரே நார்ப்பொருள்தான் மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்தார். செல்லுலோஸ் என்ற பெயர் வந்தது அதன் பிறகுதான்.

அப்புறம் ஏன் எல்லா வயலும் காகித ஆலைக்குப் போகவில்லை? இதற்கு நம்ம ஊரிலேயே நல்ல பதில் இருக்கிறது, கரூர் பக்கம் புகளூரில்.

1970களில் இந்தியப் பத்திரிகைகள் பெரும்பாலும் இறக்குமதித் தாளை நம்பித்தான் ஓடின. உள்நாட்டில் செய்தித்தாள் காகிதம் செய்தது மத்தியப் பிரதேசத்து நேபா ஆலை ஒன்றுதான். இந்த நிலையில் 1979ல் தமிழ்நாடு அரசு தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தொடங்கியது. நம்மில் பலருக்கு டி.என்.பி.எல். நோட்டு என்று சொன்னால்தான் தெரியும். உலக வங்கிக் கடனும் கிடைத்தது. 1984ல் உற்பத்தி ஆரம்பம், வருடத்துக்கு 90,000 டன் திறன். மூலப்பொருள் கரும்புச் சக்கை.

இங்கேதான் சிக்கல். சக்கை கழிவே இல்லை! சர்க்கரை ஆலை அதைத்தான் கொதிகலனில் போட்டு எரித்து, அந்த நீராவியில் ஓடுகிறது. சக்கையைக் கேட்பது, ஓடுற வண்டியிலிருந்து பெட்ரோலைக் கேட்கிற மாதிரி. அதனால் ஒரு பண்டமாற்று செய்தார்கள். சர்க்கரை ஆலைகளில் நிலக்கரிக் கொதிகலன்களைக் காகித நிறுவனமே வைத்துக் கொடுத்தது. நீராவியைக் கொடு, சக்கையை எடு. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் உண்மையான கண்டுபிடிப்பு இந்த ஒப்பந்தம்தான். கூழ் தயாரிப்பை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கலாம், இது அதில் இருக்காது.

இரண்டாவது சிக்கல் காலம். கரும்பு அரவை சில மாதங்கள்தான், காகித இயந்திரமோ வருடம் முழுக்க ஓடணும். ஈரச் சக்கையைச் சும்மா குவித்தால் சூடேறி நார் கெடும், காய்ந்தால் தீப்பிடிக்கும். இதற்கு 1950களில் தென்னாப்பிரிக்காவில் ரிட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். சக்கையைத் தண்ணீரோடு கலந்து மலை மாதிரி குவித்து, ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது. காற்று வெளியேறிவிடும், மிச்சமிருக்கும் சர்க்கரையைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்கிவிடும். இட்லி மாவு புளிக்கிற அதே வேலைதான். புகளூரிலும் ஈரமாகக் குவித்துத்தான் சேமிக்கிறார்கள். பின்னாளில் சக்கை கழுவிய தண்ணீரிலிருந்து எரிவாயு எடுத்துச் சுண்ணாம்புச் சூளைக்கும் கொடுத்தார்கள்.

இப்போ ஒரு டன் கரும்பை எடுத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்க. அதில் சுமார் 300 கிலோ ஈரச் சக்கை. பாதி தண்ணீர், மிஞ்சுவது 150. அதில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சு மாதிரியான பித். அது காகிதத்துக்கு ஆகாது, மருந்தை உறிஞ்சிக் குடித்துவிடும். அதைச் சலித்து எடுத்துக் கொதிகலனுக்கு அனுப்பினால் மீதி 100 கிலோ நார். காரத்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்தபின் கையில் நிற்பது 45, 50 கிலோ கூழ்தான். ஒரு வசதி, மரத்துண்டு மாதிரி மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டாம், 170 டிகிரியில் நிமிடக் கணக்கில் வெந்துவிடும்.

மரம் வெட்டாத காகிதம் என்று பெருமையாகச் சொல்கிறோம். சரிதான். ஆனால் இரண்டு டன்னுக்குச் சற்று அதிகமான ஈரச் சக்கையின் சூட்டை ஈடுகட்ட ஒரு டன் இந்திய நிலக்கரி வேண்டும். காட்டில் மிச்சப்படுத்தியதைச் சுரங்கத்தில் செலவு செய்தோம். அந்த வரியையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முழுசாகும். இந்தப் பண்டமாற்றும் நிலையானதில்லை. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் விற்கத் தொடங்கியதும் சக்கைக்குப் போட்டி வந்தது. காகித நிறுவனமும் விவசாயிகளிடம் சவுக்கும் தைலமரமும் வளர்க்கச் சொல்லி வாங்குகிறது, பழைய தாளின் மையை நீக்கியும் கூழ் எடுக்கிறது.

எங்கள் புதுவாயல், கவரைப்பேட்டை பக்கம் கரும்பை விட நெல்தான் அதிகம். வைக்கோலிலும் செல்லுலோஸ் இருக்கே என்று கேட்கலாம். இருக்கு. கூடவே எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிலிக்காவும் இருக்கு. காரத்தில் அது கரைந்து, மருந்தை மீட்கும் கருஞ்சாற்றில் கலந்து, சுண்டக் காய்ச்சும் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். மருந்தை மீட்க முடியாத ஆலை அதை ஆற்றில்தான் விடும், ஆரணியாறு தாங்காது. அதை ஒருவழியாகச் சமாளித்தாலும், இயந்திரம் வைத்துக் கட்டிய வைக்கோல் கட்டுக்கு வயலிலேயே விலை பேசி முடித்துவிடுகிறார் மாட்டுக்காரர். அவருக்கு யார் நிலக்கரி கொடுத்துச் சமாதானம் செய்வது?